காணிப்பெயரும் குடிவழியும்: யாழ்ப்பாணக் குடும்ப வரலாற்றுக்கு இணையவழிச் சான்றுகள்

அரசரையும் ஆள்பதியரையும் பற்றிய வரலாறு எமது கல்விக்கூடங்களிலே நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகின்றது. குடும்பத்தைப் பற்றிய வரலாறோ முதியோரின் வாய்மொழியாகவும், திருமணம் பேசுவோரின் விசாரணையாகவும் மாத்திரமே நின்றுவிட்டது. அண்மைக் காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. தொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து வளர்ந்த இளையோர் தம் பூட்டனார் யாவர், எவ்வூரினர் என வினவத் தொடங்கியுள்ளனர். முன்னர் கொழும்பிலும் கேகிலும் இலண்டனிலும் சென்று பார்க்கவேண்டியிருந்த ஆவணங்கள் பல இன்று இணையத்தளங்களிலே படிமங்களாக வெளிவந்துள்ளமை இவ்வார்வத்தை மேலும் தூண்டியுள்ளது. ஆயினும் அவ்வாறு தேடப் புகுவோர் முதற்படியிலேயே இடர்ப்படுகின்றனர். மேலைநாட்டார் அமைத்த தேடற்பொறி முதலில் வினவுவது குடும்பப்பெயரை. யாழ்ப்பாணத் தமிழருக்கு அத்தகைய பெயர் இல்லை.

கந்தரின் மகன் வேலுப்பிள்ளை. வேலுப்பிள்ளையின் மகன் ஆறுமுகம். ஆறுமுகத்தின் மகன் மீண்டும் கந்தர். தலைமுறைதோறும் தந்தை பெயர் முன்னே வந்து, பாட்டன் பெயர் மறைந்துவிடுகின்றது. இத்துடன் எழுத்துக்கூட்டற் குழப்பமும் சேர்கின்றது. சின்னத்தம்பி என்னும் பெயரின் முதலெழுத்து ஆங்கில ஆவணங்களில் எஸ் ஆகவும் சி ஆகவும் சிஎச் ஆகவும் வரும். ஞானம் என்பது ஜி எழுத்திலும் தொடங்கும், என் எழுத்திலும் தொடங்கும். எனவே பெயரொன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு செல்பவர் ஒரே ஊரில் ஒரே காலத்தில் வாழ்ந்த மூன்று ஆறுமுகங்களை ஒருவராக்கி விடுதல் எளிது. இணையத்தில் இன்று உலவும் வம்சாவளி அட்டவணைகள் பல இத்தவற்றுக்கு இலக்கானவை என்பது எமது எண்ணம்.

அங்ஙனமாயின் தலைமுறைகளைக் கடந்து மாறாது நிற்பது யாது? காணியின் பெயரே என்போம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. வளவு, தோட்டம், கலட்டி, புலம், சீமா என முடியும் அப்பெயர்கள் உறுதிகளிலே வழிவழியாக எழுதப்பட்டு வந்துள்ளன. உறுதியொன்று காணியின் பெயரையும், அது அமைந்த ஊரையும், அதன் பரப்பையும், நாற்புறத்து எல்லைக்காரரையும், அது எழுதுபவருக்கு வந்த வழியையும் கூறும். பரப்புக் கணக்கும் அறியவேண்டியதே. பதினெட்டுக் குழி ஒரு லாச்சம்; வரகுக் காணியாயின் பதினாறு லாச்சமும், நெற்காணியாயின் இருபத்துநான்கு லாச்சமும் ஓர் ஏக்கராகும். பரப்புக் குறைந்து செல்லும் முறையினைக் கொண்டே எத்தனை பிள்ளைகளுக்குக் காணி பங்கிடப்பட்டதென ஊகிக்க முடிகின்றது. 'கிணற்றிற் பங்கு' என்ற ஒரு தொடர், இன்று உறவறியாது வாழும் இரு குடும்பங்கள் ஒரு தாய் வயிற்றினர் என்பதைக் காட்டிவிடுதலும் உண்டு.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் நிலக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டுமென்பது உறுதியாயிற்று. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. அங்கே பதிவேடுகள் காணியை அடிப்படையாகக் கொண்டவை. போரில் வீட்டோடு உறுதியையும் இழந்தோர், காணிப்பெயரையும் ஊரையும் நினைவிற் கொண்டிருப்பின் பிரதி பெறும் வாய்ப்பு இதனால் ஏற்படுகின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு நீங்கியோருக்கும் இஃது ஏட்டாராய்ச்சி அன்று. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் உரிமை கோரமுடியாதிருந்தோரைக் கருதி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது, பாட்டனின் பெயரை மெய்ப்பிக்கவேண்டிய தேவை நீதிமன்ற வாசல்வரை வந்துவிட்டது.

உறுதிகளுள்ளும் குடும்ப வரலாற்றாசிரியனுக்குப் பெரிதும் பயன்படுவது சீதன உறுதியாகும். 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பின்னர் பிரித்தானியரால் 1806ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. சீதனம் பெரும்பாலும் தாயின் சீதனத்திலிருந்தே மகளுக்குச் சென்றது. ஆகவே தாய், அவள் தாய், அவளுக்கும் தாய் எனப் பெண்வழி முழுவதும் ஒரே காணிப்பெயரின் கீழ் எழுதப்பட்டிருத்தலைக் காண்கிறோம். தந்தைவழியையே விதந்தோதும் எமது வாய்மொழி மரபு மறந்துவிட்ட பெண்களின் பெயர்கள் இங்கேதான் உயிருடன் உள்ளன.

அரசாங்கப் பதிவுகள் இதற்கு மறுதலையானவை. பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே ஒழுங்குபெற்றது. 1871ஆம் ஆண்டு முதலான குடிசன மதிப்பீடுகள் தொகையை மாத்திரம் தருவன. ஆட்பெயர் தருவன அல்ல. சுதந்திரத்தின் பின்னர் நெடுங்காலம் வழங்கிய பிறப்புச் சான்றிதழிலே பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்பவற்றை எழுதுதற்கு ஒரு கூடு உண்டு. பேத்தியாருக்குக் கூடு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்பையே குடியுரிமைக்கு அளவுகோலாகக் கொண்டமையின் விளைவு இது.

இக்கூட்டினை நிரப்பவியலாது போனதால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரை இவ்விடத்து நினையாது செல்லல் தகாது. நேற்றாலுக்கு 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 152,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலிய விவரங்கள் கப்பற் பட்டியல்களில் எழுதப்பட்டன. அவை இன்று இணையத்திலே தேடக் கிடைக்கின்றன. டேர்பனில் வாழும் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனார் வட ஆர்க்காட்டின் எந்தக் கிராமத்தவர் எனச் சில நாழிகையிற் கண்டுகொள்ளலாம். இலங்கைக்கு வந்தோரோ கங்காணி முறையிலே கூட்டமாகக் கடல் கடந்து, கால்நடையாக மலையேறியவர்கள். ஆளுக்கோர் ஒப்பந்தம் எழுதப்படாமையின் ஆளுக்கோர் ஏடும் இல்லை. அடுத்த கரையினின்று வந்தவரின் தடம், ஆபிரிக்கா சென்றவரின் தடத்திலும் மங்கலாய் இருப்பது இதனாலேயாம். தோட்டப் பேரேடுகளும் கோயிற் கணக்குகளும் முதியோர் சொல்லும் பிறந்தகத்து ஊர்ப்பெயர்களும் தொகுக்கப்படுவதொன்றே அங்கு வழியாகும். அது தனியே ஆராய்தற்குரியது.

ஒல்லாந்தர் காலத்துக்குச் செல்வோம். தோம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது மாணவர் பலர் தம் குடும்பம் முழுவதும் அதில் அடங்கியிருக்குமென எண்ணிவிடுகின்றனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்க்கப்பட்டன. இலங்கையும் அவ்விண்ணப்பத்தில் ஒரு பங்காளி. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஒல்லாந்தத் தொகுதிக்கு யூரியான்சே அம்மையார் 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணை இன்றும் தவிர்க்கவியலாத துணையாகும். கேகிலுள்ள தொகுதியின் பெரும்பகுதி படிமங்களாக வெளிவந்துள்ளது. அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பக்கங்களைக் கணினியே வாசித்து அச்செழுத்தாக்கும் முயற்சியை குளோபலைஸ் என்னும் திட்டத்தினர் மேற்கொண்டுள்ளனர். யாழ்ப்பாணப்பட்டினம் என்பதன் ஒல்லாந்த வடிவத்தை இட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். ஆனால் அவை பெரும்பாலும் கடிதங்களும் அறிக்கைகளும் ஆதலின், முதலியார், உடையார், விதானை, வணிகர், வழக்காளர் ஆகியோரே அங்குத் தோன்றுவர். உழுதவன் தோன்றான். பறங்கியருக்கு நிலைமை வேறு. கும்பனிக் கப்பல்களில் வந்த மாலுமிகளின் சம்பளப் பேரேடுகளும், ஒல்லாந்தத் திருச்சபையின் பதிவேடுகளும், 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியத்தின் சஞ்சிகையில் வெளிவந்த வம்சாவளிகளும் அவர்களுக்குக் கிட்டியுள்ளன. இலங்கையில் மிக எளிதாக வம்சாவளி வரையக்கூடிய சமூகம் அவர்களுடையதே எனலாம்.

யாழ்ப்பாண வைபவமாலையில் வரும் குடியேற்றப் பிரபுக்களின் பட்டியலைக் கொண்டு தம் குடும்பத்தின் தொடக்கத்தை நிறுவுவோரும் உளர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவரால் இயற்றப்பட்ட அந்நூலும், பிறிற்றோவின் 1879ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்திலே கிடைக்கின்றன. அப்பிரபுக்களுக்கும் எமக்குக் கிடைக்கும் முதல் உறுதிக்கும் இடையே பல நூற்றாண்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. அவ்வெறுமையைப் பெருமிதத்தால் நிரப்புதல் ஆராய்ச்சி ஆகாது.

அமெரிக்க மிசனின் ஆவணங்கள் வேறொரு வகையில் எச்சரிக்கையோடு கையாளத்தக்கவை. 1816ஆம் ஆண்டில் வந்த மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அங்கு பயின்ற மாணவர் பலருக்கு அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை காரோல் எனப்பட்டார். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் எனப்பட்டார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் எனப்பட்டார். மிசனின் மாத வெளியீடும் ஆண்டறிக்கைகளும் அமெரிக்க நூலகங்களிலிருந்து எண்ணிமப்படுத்தப்பட்டு எவரும் வாசிக்கும் வகையில் உள்ளன. அவற்றிலே ஒரு பெயரைக் கண்டு, தம் முன்னோர் வெள்ளையரோ என மயங்கியவர்களும் உண்டு என்று சொன்னால் நகைப்பிற்கிடமாகலாம். பெயர் மாறியது, ஊரும் காணியும் மாறவில்லை. ஊர் கொண்டு ஆளை அறிதலே இங்கும் வழி.

இனி, எமது மரபுக்கேயுரிய சான்றொன்றைக் கூறுவோம். மரணம் நிகழ்ந்த முப்பத்தோராம் நாளிலே அந்தியேட்டிக் கிரியையின் பின் வழங்கப்படும் சிறுநூலை யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். சாசனவியல் பயிலும் மாணவர் இச்சொல்லைக் கேட்டுத் திகைப்பதுண்டு. இறந்தவரின் படம், தேவார திருவாசகங்கள், வாழ்க்கைக் குறிப்பு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் புலம்பற் பாடல்கள், வம்சாவளி அட்டவணை என்பன இதில் அடங்கும். திதிவெண்பா இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் தரும். ஆண்டு அறுபதாண்டு வட்டத்தின் பெயராலே குறிக்கப்படுதலின், 'விரோதி' எனக் காணின் அது 1889, 1949, 2009 ஆகியவற்றுள் எதிலே தொடங்கிய ஆண்டெனப் பிற குறிப்புகளால் துணிதல் வேண்டும். முன்னர் தனிவீடுகளின் பெட்டிகளிலே கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த இந்நூல்களை, 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தினர் சேகரித்து இணையத்தில் இட்டு வருகின்றனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டதைக் கண்ட சமூகமொன்று, ஒரே பிரதியாக எதனையும் ஓரிடத்தில் வைத்திருத்தல் தகாதென உணர்ந்தமை இயல்பே. உலகின் எந்த வம்சாவளித் தளமும் எமது குடும்பங்களைப் பற்றி இவ்வளவு செறிவான செய்திகளை வைத்திருக்கவில்லை.

எனினும் கல்வெட்டு சொல்வது குடும்பம் சொல்ல விரும்பியதையே. முதல் தாரத்துப் பிள்ளை விடுபடுதலும், வீட்டார் விருப்புக்கு மாறாக மணம் புரிந்த மகளின் பெயர் இல்லாது போதலும், சாதாரண எழுதுவினைஞர் பெரும் உத்தியோகத்தராக உயர்த்தப்படுதலும் உண்டு. இவ்விடங்களிலே கல்வெட்டைச் சீதன உறுதியோடும் வழக்குப் பதிவோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு எனின் வழக்காளி வம்சாவளியைச் சமர்ப்பித்தே ஆகவேண்டும். எதிர்வழக்காளிகள் அதனை மறுப்பர். ஆகவே இரு தரப்பாராலும் சோதிக்கப்பட்ட வம்சாவளி அது. புதிய சட்ட அறிக்கைகள் என்னும் தொகுதிகள் இணையத்திலே வாசிக்கக் கிடைக்கின்றன. தேசவழமை பற்றிய தீர்ப்புகளிலே சீதனம் எவ்வாறு வந்தது, பிள்ளையின்றி இறந்தவளின் ஆதனம் எவரிடம் மீண்டது என நீதியரசர் விரித்துரைக்கும் பகுதிகள், அக்குடும்பத்தாரே எழுதியிருக்க முடியாத குடும்ப வரலாறாகும்.

மலாயாவுக்குச் சென்றோரின் தடத்தைத் தேடுவோர் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பத்திரிகைத் தொகுதியை நாடுதல் நன்று. 1845ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரெயிட்ஸ் ரைம்ஸ் முதலான பத்திரிகைகளைச் சொல் கொண்டு தேடும் வசதி அங்குண்டு. புகையிரதப் பகுதியிலும் அஞ்சற் பகுதியிலும் அளவைப் பகுதியிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தாரின் இடமாற்றம், ஓய்வு, மகளின் திருமணம், மரணம் ஆகிய யாவும் அப்பத்திரிகைகளிலே சிறு செய்திகளாக வந்துள்ளன. ஈண்டும் முதலெழுத்துகளை நம்பித் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். மானிப்பாய், சுழிபுரம், அச்சுவேலி என ஊர்ப்பெயரை இட்டுத் தேடுக. ஜோன் மார்ட்டின் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்ப்பாணக் குறிப்புகள் என்னும் ஆங்கில நூலை அருகில் வைத்துக்கொண்டால் ஆட்களை அடையாளங்காணல் மேலும் எளிதாகும்.

இதுகாறும் கூறியவை யாவும் காணி உடையோரைப் பற்றியன. காணியில்லாதாரின் குடும்ப வரலாறு யாங்ஙனம்? அவர்களுக்கு உறுதி இல்லை, பழங்காலத்தில் கல்வெட்டும் இல்லை, வைபவமாலையில் இடமில்லை. அவர்கள் ஆவணங்களில் தோன்றும் இடமொன்று உண்டு. அது பிறருடைய உடைமைப் பட்டியலாகும். தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதி உள்ளதென்பதையும், சீதனத்தில் காணியோடும் நகையோடும் அடிமைகளும் கொடுக்கப்பட்டனர் என்பதையும் எமது வரலாற்று நூல்கள் மெல்லிய குரலிலேயே கூறிச் செல்கின்றன. பேத்தியாரின் பேத்தியாரது பெயரை எமக்கு மீட்டுத்தரும் அதே சீதன ஓலை, வேறொரு குடும்பத்தின் பேத்தியாரைக் கொடைப்பொருளாக எழுதியிருக்கக்கூடும். அடிமைநிலையும் தாய்வழியே இறங்கியது. 1821ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் யாழ்ப்பாணத்தில் அடிமைப்பட்ட தாயருக்குப் பிறந்த பெண்குழந்தைகளை விலைகொடுத்து விடுவிக்க ஏற்பாடு செய்தமைக்குக் காரணமும் இதுவே. 1833ஆம் ஆண்டின் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கி நின்றது. இங்கு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலாகும்.

1818 முதல் 1832 வரையான இலங்கை அடிமைப் பதிவேடுகளின் பிரதிகள் இலண்டனில் கியூ என்னுமிடத்துள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றன. பிற குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளோடு அவையும் ஆன்செஸ்ட்ரி என்னும் வம்சாவளித் தளத்திலே படிமங்களாகவும் அட்டவணையாகவும் தரப்பட்டுள்ளன. உடைமையாளர் பெயரும், அடிமைப்பட்டோரின் பெயரும், பாலும், வயதும் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. முதலியார் ஒருவரின் வழித்தோன்றல் தம் முன்னோரைத் தேடி இவ்வேட்டை அடைவாராயின், ஒரே பக்கத்தில் இரு குடும்பங்களின் வரலாற்றைக் காண்பார். ஒன்றைப் பெயர்த்தெழுதி மற்றதை விட்டுவிடும் வழக்கம் இப்பொழுதே தோன்றியுள்ளமை கவலைக்குரியது. அப்பெயர்களைத் தேடுதற்கு உரிமையுடையோர் பலர் இன்றும் அதே ஊர்களில் வாழ்கின்றனர். வேறு பலர் கடல் கடந்து, தம் பாட்டிமாரின் பெயர் எங்கும் எழுதப்படவே இல்லை என்ற எண்ணத்தோடு இருக்கின்றனர். எழுதியவர் எந்நோக்கில் எழுதினாரெனினும் பெயர் பெயரே.

இவ்வேடுகள் 1832இல் முடிகின்றன. பிறப்புப் பதிவு 1867இல் தொடங்குகின்றது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடப்பதே இவ்வாராய்ச்சியில் அரிய பகுதி. திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவுகளும், மிசன் பாடசாலை வரவேடுகளும், உடைமையாளர் குடும்பத்தின் 1840ஆம் ஆண்டுக்குப் பின்னான உறுதிகளில் எல்லைக்காரராகவும் குடியிருப்போராகவும் குறிக்கப்படுவோரின் பெயர்களும் அவ்விடைவெளியில் நாம் ஊன்றத்தக்க கற்களாம். காணி தமக்குரியதாக இல்லாதிருந்தோரையும் காணிப்பெயரைக் கொண்டே தேடவேண்டியுள்ளது. அவ்வுறுதிகளோ இன்னும் வீட்டுப் பெட்டகங்களிலேயே பெரிதும் உள்ளன. இணையத்துக்கு வந்தவை மிகச் சில.